சிவப்புக் கொட்டகையின் வானத்தில் புள்ளிகள்

என்னைத் திமிர் பிடித்தவள் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். சொல்லட்டும். பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவளுக்குக் கொஞ்சமாவது திமிர் இல்லாவிட்டால் கடைக்காரர்கள் அவளை மென்று துப்பிவிடுவார்கள். "இந்த மயிலுக்கு வால கொஞ்சம் கொறச்சிக்க மா" என்று வந்து நிற்கிறவரிடம், "வால கொறச்சா அது மயில் இல்ல, கோழி. கோழிதான் வேணும்னா சொல்லுங்க, போட்டுத் தரேன்" என்று சொல்லத் தெரிய வேண்டும். எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் இத்தனை வருடமாக என் மயில்களுக்கு வால் இருக்கிறது.

என் வேலை கட்டங்களில் நடப்பது. முன்பு கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்தேன், இப்போது கம்ப்யூட்டர் திரையில். ஒவ்வொரு கட்டமும் தறியில் ஓர் இழை இன்னோர் இழையைத் தாண்டும் இடம். எந்தக் கட்டத்தில் நிறம் வைக்கிறேனோ அங்கே ஜரிகை மேலே வந்து தெரியும். வைக்காத கட்டத்தில் கீழே போய் ஒளிந்துகொள்ளும். அவ்வளவுதான் ரகசியம். இதை வைத்துக்கொண்டு யானை, யாளி, ருத்திராட்சம், தேர், மாங்காய் என்று என்னென்னவோ செய்திருக்கிறேன்.

ஆனால் வரைந்து கொடுத்த நிமிடத்தோடு அது என்னுடையது இல்லை என்று ஆகிவிடும். கடைக்காரர் தன் டிசைன் என்பார். கல்யாண மண்டபத்தில் ஒருத்தி என் யாளியைத் தோளில் போட்டுக்கொண்டு போவாள். எந்தக் கடையில் எடுத்தாய் என்று நாலு பேர் அவளைக் கேட்பார்கள். யார் வரைந்தது என்று இந்த ஊரில் ஒருவரும் ஒருவரையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அது எனக்கு வலித்தது. வலிக்காதது மாதிரி நடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. வீட்டில் வாய்விட்டுத்தான் புலம்புவேன். என் வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்தபடியே, "பொடவையில யாராவது வரஞ்சவங்க பேரு போடுவாங்களா? உனுக்கு வேற வேல இல்ல" என்பார்.

நாங்கள் செவிலிமேட்டில் வீடு கட்டிக்கொண்டு வந்து சில வருடங்கள் ஆகின்றன. முன்னறையில் தறி, பக்கத்து அறையில் என் கம்ப்யூட்டர். ஒரே மகள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். விடிந்ததும் கம்பெனி பஸ், இருட்டுகிற நேரத்துக்கு வீடு. ஒரு நாள் வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மா, இத பாரேன். அப்டியே உன் வேல மாதிரி இருக்குது."

பார்த்தேன். கட்டம் கட்டமாக ஒரு கிராப். ஒரு தேவாலயம், இரண்டு மரம், ஒரு குதிரை வண்டி. அதற்குப் பெயர் கிராஸ் ஸ்டிச் என்றாள். வரிசையாகத் துளை இருக்கிற துணியில், கட்டக் கணக்குப் பார்த்து, பெருக்கல் குறி போல ஒவ்வொன்றாகத் தைத்துக்கொண்டே போவார்களாம். அமெரிக்காவில் பெண்கள் பொழுதுபோக்காகச் செய்வதாம். அங்கே ஓர் அம்மாள் நடத்தும் கடையில் கிராபை மட்டும் விற்கிறார்கள். துணி இல்லை, நூல் இல்லை, தைத்த பொருளும் இல்லை. வெறும் கிராப். புதிதாக வரைகிறவர்கள் தேவை என்று அறிவிப்புப் போட்டிருந்தார்கள்.

"வெறும் கிராபுக்கா காசு குடுக்கறாங்க?" என்றேன்.

"காசு மட்டும் இல்லமா. வரஞ்சவங்க பேர கிராபோட அட்டையில பெருசா போடறாங்க."

செருப்பைக் கழற்றச் சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றேன். மகளுக்கு என்னைத் தெரியும். எந்தச் சொல்லுக்கு நான் விழுவேன் என்று பஸ்ஸிலேயே யோசித்துக்கொண்டு வந்திருப்பாள்.

வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "ஏம்மா, அமெரிக்காவுல கட்டம் போட ஆளு இல்லயா? செவிலிமேட்டுல இருந்துதான் போவணுமா?"

"ஆளு இருந்தா ஏங்க கேக்கறாங்க?" என்றேன்.

அந்தக் கடைக்கு வேண்டியிருந்தது கிராமத்துப் படங்கள். அதிலும் ஒரு வகை. முன்னொரு காலத்தில் அந்த நாட்டு ஓவியர்கள் சிலர், பெரிய நகரங்களையும் வெளிநாட்டுப் பாணிகளையும் விட்டுவிட்டு, தங்கள் ஜில்லாவின் வயலையும் வைக்கோலையும் மாட்டையும் வரைந்தார்களாம். அந்தப் பாணியில் இருக்க வேண்டும், ஆனால் எந்தப் படத்தையும் காப்பி அடிக்கக் கூடாது, சொந்தமாக ஒரு காட்சி வேண்டும் என்பது விதி. மகள் அந்தப் படங்களை வரிசையாகக் காட்டினாள். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. மரமெல்லாம் லட்டு பிடித்து வைத்த மாதிரி உருண்டை. மேடெல்லாம் சாப்பிட்டுப் படுத்தவர் வயிறு மாதிரி. சாலை மட்டும் சுத்தமாக, துடைத்து வைத்தது போல.

பார்க்கப் பார்க்கச் சிரிப்பு நின்றுவிட்டது. உழுத சால்கள் மேட்டைச் சுற்றி வளைந்து போவதைப் பார்த்தேன். புடவைக் கொசுவம் போல ஒன்றை ஒட்டி ஒன்று, ஒரு சால் கூடப் பிசகாமல். சாதாரண உழவு அது. அதைக் கோயில் கோபுரத்தை வரைகிற மரியாதையோடு வரைந்திருந்தார்கள். எங்கள் ஊர், எங்கள் வயல், எங்கள் மாடு, வந்து பார் என்று மார்தட்டுகிற படங்கள். திமிர் பிடித்தவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவர்களை மிகவும் பிடித்துப்போனது.

நான் ஒரு காட்சி கட்டினேன். கீழே உழுத வயல், நடுவில் மேடு, மேட்டின் மேல் தானியமும் மாடும் வைக்கிற பெரிய சிவப்புக் கொட்டகை. அந்தச் சிவப்புக்கு நான் அலையவே இல்லை. நம் அரக்கு நிறம்தான் அது, கண்ணை மூடிக்கொண்டு வைப்பேன். கொட்டகைக்குப் பக்கத்தில் கோழிகளுக்குத் தீனி போடும் ஒரு பெண். ஒரு கையால் போடுகிறாள், இன்னொரு கை இடுப்பில். வேலை செய்கிற பெண் எந்த நாட்டிலும் அப்படித்தான் நிற்பாள். அதற்கு மேலே வானம், படத்தில் பாதிக்கு மேல் வானம்தான். அந்தப் படங்களில் வானத்துக்குத் தாராளமாக இடம் விட்டிருந்தார்கள். நானும் விட்டேன்.

வரைந்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது, நான் இதுவரை போட்டதிலேயே இதுதான் சிறந்தது என்று தோன்றியது. அதை இரண்டு பேரிடமும் சொல்லவும் செய்தேன். மகள் அனுப்பிவைத்தாள்.

கடைக்கார அம்மாளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் எந்தக் கிராபையும் அவர்கள் உடனே விற்பதில்லை. ஒருவர் அதை முழுதாகத் தைத்துப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் அட்டை அச்சாகும். என் கிராபைத் தைக்கக் கிடைத்தவர் ஒரு வயதான விவசாயக் குடும்பத்துப் பெண்மணி. சோளம் விளைகிற ஊராம். அவர் சரி என்றால் என் பெயர் அட்டையில் வரும். நல்லது, தைக்கட்டும், பார்த்து வியக்கட்டும் என்று காத்திருந்தேன்.

பல வாரங்கள் கழித்து, தைத்த துணியின் போட்டோ வந்தது. மகள் அதைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் காட்டாமல் நின்றாள். பிடுங்கிப் பார்த்தேன். கொட்டகை நன்றாக இருந்தது. கோழிகள் நன்றாக இருந்தன. வானத்துக்கு மட்டும் அம்மை போட்டிருந்தது.

ஆமாம், அம்மைதான். வெளிர் நீலத்தில் ஒரே சீராக, வரிசை வரிசையாக, சாம்பல் நிறப் புள்ளிகள். வயலிலும் அதே மாதிரி. கூடவே அந்தப் பெண்மணியின் கேள்வி: வானத்தில் இருப்பவை என்ன, பறவையா, பூச்சியா, அச்சுப் பிழையா?

"நான் வெக்கவே இல்ல!" என்று கத்தினேன். "அவங்க கம்ப்யூட்டர்ல எதுனா கோளாறா இருக்கும்."

என் கம்ப்யூட்டரில் கிராபைத் திறந்து பெரிதாக்கினோம். ஒவ்வொரு புள்ளியும் அதனதன் கட்டத்தில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. வைத்தது நான்தான். என் கை வைத்திருக்கிறது, எனக்குச் சொல்லாமல்.

முன்னறையில் தறிச் சத்தம் நின்றது. வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். ஒரு பார்வைதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"அடிப்பாவி, வானம் கிழிஞ்சிடும்னு கட்டி வச்சிருக்கியா!"

நெய்கிறவர் அல்லவா, அவருக்கு உடனே புரிந்துவிட்டது. புடவையில் ஒரே நிறம் நீளமாக ஓட விடக் கூடாது. ஜரிகை இழை நிறைய கட்டங்களுக்குப் பிடிப்பில்லாமல் மேலேயே கிடந்தால் வளையலில் மாட்டும், மெட்டியில் மாட்டும், ஒரே இழுப்பில் பிய்ந்து வரும். அதனால் நடுநடுவே ஒரு கட்டத்தில் வேறு நிறம் வைத்து, இழையைக் கீழே இறக்கிக் கட்டிவிட வேண்டும். டிசைன் போடுகிற எங்களுக்கு இது யோசித்துச் செய்கிற வேலை இல்லை, மூச்சு விடுவதைப் போல. புடவையில் அந்தப் புள்ளி கண்ணுக்கே தெரியாது. சோளம் விளைகிற ஊரின் வானத்தில் நன்றாகவே தெரிந்தது.

"மா, இதுல நூல் அப்டி ஓடாது" என்றாள் மகள், பயந்துகொண்டே. "ஒவ்வொரு கட்டமும் தனித்தனித் தையல்."

"எனக்குத் தெரியும் போடி" என்றேன். தெரியாது.

மறுநாள் கடைக்கார அம்மாளிடமிருந்து இன்னொரு மெயில். மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார். வருந்த வேண்டாம், எங்கள் ஆளை வைத்தே புள்ளிகளைத் துடைத்துவிடுகிறோம், பேசிய தொகையை அப்படியே தருகிறோம். திருத்தியது நாங்கள் என்பதால் கிராப் கடையின் பெயரில் வரும்.

"அப்ப என்ன, நல்லதா போச்சு" என்றார் வீட்டுக்காரர். "வேல மிச்சம்."

எனக்கு வந்த கோபத்தில் உலையில் வைத்திருந்த சோறு குழைந்ததை இன்றும் அவர் சொல்லிக்காட்டுவார். அமெரிக்கா வரைக்கும் போயும் கடை பெயரா? அதற்கு நான் எங்கள் ஊர்ப் பட்டுக் கடைகள் இருக்கிற காந்தி ரோட்டைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லையே! அந்தக் கொட்டகையை மேட்டின் மேல் தூக்கி வைத்தவள் நான். அந்தப் பெண்ணின் இடுப்பில் கையை வைத்தவள் நான். என் புள்ளியை இன்னொருவன் துடைப்பானாம், படம் அவனுடையதாம். நானே திருத்தித் தருகிறேன், அந்தப் பெண்மணியே மறுபடி தைத்துப் பார்க்கட்டும் என்று எழுதச் சொன்னேன். இன்னும் ஒரே ஒரு தடவை, அவர் சொல்வதுதான் முடிவு என்று பதில் வந்தது.

தறியில் ஏற்றிப் பார்க்காமல் எந்த டிசைனையும் நான் நம்புகிறவள் இல்லை. ஆகவே துணியும் ஊசியும் நூலும் வரவழைத்து நானே தைக்க உட்கார்ந்தேன். முதல் நாள் விரலில் குத்திக்கொண்டதுதான் மிச்சம். இரண்டாம் நாள் வானத்தின் ஒரு மூலை வந்தது. திருப்பி, துணியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். விரலை வைத்து இழுத்தும் பார்த்தேன். அசையவில்லை. புடவையில் ஒரே இழை கரைக்குக் கரை ஓடும்; ஓர் இடத்தில் தளர்ந்தால் வரிசை முழுக்கத் தளரும். இங்கே ஒவ்வொரு தையலும் தன்னைத் தானே கட்டிக்கொள்கிறது. பக்கத்துத் தையலைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. இத்தனை வருடம் கட்டங்களோடு குடித்தனம் செய்தவளுக்கு இது புதிய செய்தி. சிறுபிள்ளை மாதிரி சந்தோஷமாக இருந்தது.

வானத்துப் புள்ளிகளை மொத்தமாக எடுத்தேன். எடுத்ததும் காற்று வந்த மாதிரி இருந்தது. அடுத்து வயல். புள்ளிகளை எடுத்து ஒரு துண்டு தைத்தேன். பிடிக்கவில்லை. பழுப்பு நிறம், மழமழவென்று, சாணி மெழுகிய தரை போல. புள்ளியோடு இன்னொரு துண்டு தைத்துப் பக்கத்தில் வைத்தேன். அதில் மண் இருந்தது. என் பிழையின் மேல் எனக்கே பாசம் வந்துவிட்டதோ என்று சந்தேகமாக இருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரம் திருப்புட்குழியில் ஒரு காதுகுத்துக்குப் போனேன். போகும் வழியில், முசரவாக்கம் பக்கம், புதிதாக உழுத நிலம் ஒன்று பஸ் ஜன்னலில் வந்தது. பஸ் ஏதோ காரணத்துக்காக நின்றிருந்தது. எல்லோரும் டிரைவரைத் திட்டிக்கொண்டிருக்க, நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புரட்டிப் போட்ட மண்ணில் எங்கே பார்த்தாலும் பழைய அறுப்பின் வைக்கோல் தாள், துண்டு துண்டாக, வெளிறிப்போய். ஓர் இடத்தில் கூட மண் ஒரே நிறமாக இல்லை. ஆனால் சீராகவும் இல்லை. சாலோடு சாய்ந்து, இங்கே நாலு, அங்கே ஒன்று, நடுவில் வெறுமை. பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அதை மனப்பாடம் செய்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "அது உங்க நெலமா?" என்று கேட்டார். "இப்பதான் ஆச்சு" என்றேன்.

வீட்டுக்கு வந்து வயலின் பழைய புள்ளிகளை அழித்துவிட்டுப் புதிதாக வைத்தேன். இந்த முறை கை வைக்கவில்லை, கண் வைத்தது. ஒவ்வொன்றாக, சாலின் வளைவு பார்த்து, கலைத்துக் கலைத்து. முடித்ததும் மகளைக் கூப்பிட்டு மெயில் எழுதச் சொன்னேன்.

"இப்டி எழுது. வானத்துல இருந்தது என் கைப்பழக்கம், எடுத்துட்டேன். வயல்ல இருக்கறது என் டிசைன், எடுக்க மாட்டேன்."

"மா, எடுக்க மாட்டேன்னுலாம் எழுத முடியாது. அவங்க எல்லாத்தயும் எடுக்கத்தான் சொன்னாங்க. கொஞ்சம் பணிவா எழுதணும்."

"சரி, பணிவா எழுது. ஆனா எடுக்க மாட்டேன்னு இருக்கணும்."

அவள் எப்படியோ இரண்டையும் சேர்த்து எழுதினாள். அந்த அளவுக்கு அவளுக்கு ஆங்கிலம் வரும். அனுப்பிய பிறகு, உண்மையைச் சொன்னால், எனக்குப் பயம்தான். எல்லாவற்றையும் துடைத்துக் கொடுத்திருந்தால் நிச்சயம் பெயர் வந்திருக்கும். ஒரு பிடி வைக்கோலுக்காக அதைப் பணயம் வைத்துவிட்டேனே என்று நினைப்பேன். உடனே, துடைத்த வயலுக்குக் கீழே என் பெயரைப் பார்க்க எனக்கே பிடிக்காது என்றும் நினைப்பேன். அந்த நாட்களில் என்னிடம் டிசைன் வாங்க வந்தவர்கள் பாவம். இப்படி நெய்தால் நன்றாக இருக்குமா என்று கேட்ட ஒருவரை, வேண்டுமானால் வேறு ஆளைப் பாருங்கள் என்று வாசலோடு அனுப்பினேன்.

வீட்டுக்காரர் கிண்டலை நிறுத்திவிட்டார். மகள் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது அவரே எழுந்து போய் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார். ஒரு நாள் காதில் விழுந்தது. "வந்துச்சாமா? அவகிட்ட சொல்லாத, என்கிட்ட மொதல்ல சொல்லு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தது. மகள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எண்ணெய்க் கையோடு போனைத் தொடாதே என்று நான் சொல்வதற்குள் தொட்டுவிட்டாள். வாசித்துக்கொண்டே தமிழில் சொன்னாள். அந்தப் பெண்மணி எழுதியிருந்தது அதிகமில்லை. "சோளம் அறுத்துட்டு உழுதா எங்க நெலம் இப்டித்தான் இருக்கும்னு சொல்றாங்கமா. வயல்ல ஒரு புள்ளிகூட எடுக்கக் கூடாதாம். கொட்டகை பக்கத்துல நிக்கறவங்க தன்னோட சித்தி மாதிரியே இருக்காங்களாம், எப்பவும் இடுப்புல கை வெச்சுக்கினுதான் நிப்பாங்களாம்."

கடைக்கார அம்மாள் அட்டையையும் அனுப்பியிருந்தார். சிவப்புக் கொட்டகை, கீழே ஆங்கிலத்தில் என் பெயர், முழுப் பெயர், இனிஷியலோடு. வீட்டுக்காரர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். வாசித்துவிட்டு இன்னொரு தடவை வாசித்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்ததை நான் மறைக்கவில்லை. அவர் முன்னால் எதற்கு மறைக்க வேண்டும்? "பாருங்க, நல்லா பாருங்க" என்றேன்.

"இன்னொன்னும் இருக்குதுமா" என்றாள் மகள்.

அது, தைத்து முடித்துச் சட்டம் போட்ட துணியின் கீழ் மூலையின் போட்டோ. தைத்து முடித்தவர்கள் மூலையில் தங்கள் பெயரின் முதல் எழுத்தைச் சின்னதாகத் தைத்துக்கொள்வது அங்கே வழக்கமாம். அவருடைய ஆங்கில எழுத்து இருந்தது. அதற்குப் பக்கத்தில், கொட்டகையின் அதே அரக்கு நூலில், என் பெயரின் முதல் எழுத்து. தமிழில்.

"அவங்கதான் கேட்டாங்க, உங்க எழுத்துல எப்டி எழுதுவீங்கன்னு. நான் பேப்பர்ல எழுதி போட்டோ எடுத்து அனுப்பிச்சேன். கட்டம் பிரிச்சதெல்லாம் அவங்களே."

யானையையும் யாளியையும் கட்டத்தில் அடைத்திருக்கிறேன். என் எழுத்தை ஒரு நாளும் அடைத்துப் பார்த்ததில்லை. தமிழ் எழுத்தே பார்த்திராத ஒருவர், எங்கோ ஒரு சோள வயலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அதன் வளைவைக் கட்டம் கட்டமாக எண்ணிப் பிரித்து, ஒவ்வொரு தையலாகப் போட்டிருக்கிறார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். இரண்டாவது பார்வையில் என் கண் அதைப் பிடித்துவிட்டது. எழுத்து வளைந்து திரும்பும் இடத்தில் ஒரு தையல் குறைந்தது. ஒரே ஒரு கட்டம், காலியாக.

"வளைவுல ஒண்ணு விட்டுப்போச்சு" என்றேன், என்னை அறியாமல்.

மகள் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "ஆமாம்மா. எழுதிச் சொல்லட்டுமா? ஒரு தையல்தானே, போட்டுடுவாங்க."

"சொன்னே, கால ஒடிச்சிடுவேன்" என்றேன்.